ஈரமில்லாத தரையில் மஞ்சள் பலகை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், பெங்களூரு வைட்ஃபீல்டில் நான் வேலை செய்யும் கட்டடத்தில் நடந்தது இது. பல கம்பெனிகள் இருக்கும் பெரிய கண்ணாடிக் கட்டடம். நான் அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன். கண்ணாடி துடைப்பது என் வேலை என்பதால் கூட வேலை செய்யும் எல்லோருக்கும் நான் 'கண்ணாடி அண்ணன்'. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சே வராது. கண்ணாடி வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வீடு ஒக்கலிபுரத்தில். ஒரே அறை. குளியலறையும் கக்கூஸும் ஐந்தாறு குடும்பங்களுக்குப் பொது. என் மனைவி பக்கத்தில் ஒரு பி.ஜி. விடுதியில் சமையல் செய்கிறாள். ஒரே மகள். நன்றாகப் படித்தாள். பன்னிரண்டாவது, அதாவது பி.யூ.சி. முடித்ததும் எல்லோரும் பி.காம். சேரச் சொன்னார்கள். அவள் மானிடவியல்தான் படிப்பேன் என்றாள். எனக்கு அந்தப் பேரையே நாலைந்து தடவை சொல்லிக் கொடுத்தாள். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், ஒன்றை ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர்கள் கூடவே இருந்து பார்த்துப் புரிந்துகொள்கிற படிப்பாம். எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

எங்கள் வீதிக் குழாயடியில் ஒரு அம்மா உண்டு. வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா, பொண்ணு இன்னா படிக்குது?"

பேரைச் சொன்னேன்.

"அது இன்னாது?"

"மனுசங்களப் பத்தி படிக்கிறது."

"மனுசங்களப் பத்தி படிக்க ஃபீஸ் வேற கட்டுறியா? இந்தக் கொழாகிட்ட ஒரு மாசம் நிக்கச் சொல்லு, எல்லா மனுசனும் தெரிஞ்சுபோவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "அதுக்கு மாசம் எவ்ளோ வரும்?"

அந்தக் கேள்வி அதன்பிறகு எங்களை விடவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கேட்டார்கள். என் கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ.வும் முடித்துவிட்டு வந்தாள். அவளோடு பள்ளியில் படித்த பெண்கள் ஆடிட்டர் ஆபீஸ், பேங்க் என்று போய்க்கொண்டிருந்தார்கள். இவள் இண்டர்வியூ இண்டர்வியூவாக ஏறி இறங்கினாள். ஓர் இடத்தில், "இதை வச்சு நீ எங்களுக்கு என்ன செய்வ?" என்று கேட்டார்களாம். "கவனிப்பேன்" என்றாளாம். சிரித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். நான் கண்ணாடி துடைத்து வாங்குவதைவிட அது குறைவு.  ராத்திரி அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடை என்று போய் அங்கே ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தின் முதலாளிகளுக்கு எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். அதற்கு இவள் படித்த படிப்புதான் வேண்டுமாம். முதல் மாதச் சம்பளத்தை அவள் சொன்னபோது நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

அந்த மாதம் எனக்கு ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கிக் கொடுத்தாள். ஈரத் தரையில் வழுக்காது. அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்ரீராமபுரத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு அறை, உள்ளேயே பாத்ரூம். மனைவி அங்கே போய் பாத்ரூம் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாளாம். மகள் சொல்லிச் சிரித்தாள். நானும் குழாயடிக்கு நானாகவே போய் நின்றேன். அந்த அம்மா கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டார். சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நெஜமாவா?" என்றார். என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நாட்கள் குறைவு. அது ஒன்று.

அடுத்த சில வாரங்களில், அவர்கள் கம்பெனிக்கு எங்கள் கட்டடத்து வேலையே வந்தது. துப்புரவு வேலை எப்படி நடக்கிறது, வேலை செய்கிறவர்களுக்கு என்ன குறை, இரண்டையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா அங்கேதான் வேலை செய்கிறார் என்று மகள் தன் முதலாளியிடம் சொன்னாள். "ரொம்ப நல்லதாப் போச்சு. உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க" என்றாராம் அவர்.

அவர் சொன்னது சரிதான். பெண்கள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறவள் இல்லை அவள். அவர்கள் போடும் நீலக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பக்கெட் தூக்கினாள், மாப் போட்டாள், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் படிப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கே உண்டு. எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி அண்ணன் பொண்ணு'தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேல் மாடி ஒன்றின் பின்பக்கத்தில் ஏ.சி. மெஷின் இருக்கும் அறை. சின்ன இடம், ஒரே இரைச்சல், வெக்கை. மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக அங்கே போய், அட்டைப் பெட்டியை விரித்துக் கொஞ்ச நேரம் படுப்பார்கள். காலையிலிருந்து நின்ற கால்கள். அவர்கள் உட்காருவதற்கென்று அந்தக் கட்டடத்தில் ஓர் இடமும் கிடையாது. ஒருத்தி உள்ளே போனதும் அறைக்கு வெளியே இன்னொருத்தி மஞ்சள் பலகையை விரித்து வைப்பாள். தரை ஈரம், வழுக்கும், கவனம் என்று ஆள் வழுக்கி விழும் படம் போட்டிருக்குமே, அதுதான். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆனால் பலகை இருந்தால் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வர மாட்டார். ஷூ நனையும், கால் தடம் பதிந்தால் திரும்பத் துடைக்க வேண்டும் என்று எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காய்ந்த தரையில் மஞ்சள் பலகை நின்றால் உள்ளே ஒருத்தி தூங்குகிறாள் என்று எங்களுக்கு அர்த்தம். நானும் அந்தப் பக்கக் கண்ணாடியைச் சத்தமில்லாமல் துடைப்பேன்.

அந்த இடம் மற்றவர்களைவிடப் பெரியக்காவுக்கு ரொம்ப முக்கியம். பெயர் சொல்ல வேண்டாம், எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கர்ப்பப்பை எடுத்த உடம்பு, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும். மதியம் கொஞ்ச நேரம் கால் நீட்டவில்லை என்றால் சாயங்கால வேலைக்கு அவரால் எழுந்து நிற்க முடியாது. வேலையை விடவும் முடியாது. வீட்டுக்காரர் இல்லை. கே.ஆர்.புரத்தில் தனியாக இருந்தார்.

அவர்தான் என் மகளை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் வெளியே நின்றிருந்தேன்.

"வா கண்ணு, இதான் எங்க ஆபீஸு. வெளிய போர்டு கூட வெச்சிருக்கோம், பாத்தியா?"

"எல்லாரும் இங்கதான் படுப்பீங்களாக்கா?"

"ஒருத்தி படுத்துகினு இருந்தா இன்னொருத்தி அவ வேலையும் சேத்துப் பாக்கணும். அதான் கணக்கு. ஒங்கப்பா இதெல்லாம் சொன்னதில்லியா? அது எங்க சொல்லும், வாயில கண்ணாடித் துணியை வெச்சுகினு இருக்கும்."

உள்ளே எல்லோரும் சிரித்தது கேட்டது.

மகள் ஒளித்து எதையும் செய்யவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். "இதை எழுதலாமாக்கா? எழுதினா உங்களுக்குன்னு ஒரு ரூம் கேக்கலாம்" என்று அவரிடமே கேட்டாள். பெரியக்கா யோசிக்கவே இல்லை. "எழுது கண்ணு. மேல இருக்கிறவங்களுக்கு யாரு போயி சொல்லிக்கிறாங்க? தெரிஞ்சா செய்வாங்க. ஃபேன் ஒண்ணு வோணும்னு சேத்து எழுது. ஏ.சி. மெஷின் ரூம்ல ஃபேன் கேட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பன்!"

தெரிந்தால் செய்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்தாள். எங்கள் ஜனம் காலகாலமாக நினைப்பது அதுதான். நம் கஷ்டம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் சும்மா இருப்பார்களா என்று.

மகள் ராவும் பகலும் உட்கார்ந்து எழுதினாள். நாற்காலி, குடிதண்ணீர், ஃபேன், கால் நீட்ட ஓர் அறை என்று எல்லாம் எழுதியிருப்பதாகச் சொன்னாள். அவள் முதலாளி படித்துவிட்டு, இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றாராம். மகள் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றாள்.

ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் மதியம் நான் அந்த மாடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். டிரில் போடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஏ.சி. மெஷின் அறைக் கதவில் கார்டு காட்டித் திறக்கும் பூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா கொஞ்சம் தள்ளி, மடக்கிய மஞ்சள் பலகையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா, நம்ம ஆபீஸுக்குப் பூட்டு போடறாங்க" என்றார்.

 அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். "ஒம் பொண்ணு எழுதினத இன்னும் படிக்கல போல. படிச்சா தொறந்துடுவாங்க."

படித்துவிட்டுத்தான் பூட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லத்தான் இல்லை.

அடுத்த நாள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்துப் புதுச் சட்டம் சொன்னார். இனி மஞ்சள் பலகை வைத்தால், ஈரமான தரையோடு சேர்த்து போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மதியம் இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்த்துச் சமாளிக்க முடிகிறது என்று தெரிந்துவிட்டதால் மதிய ஷிஃப்டில் ஆள் குறைப்பு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்காகச் செய்த உதவியைத் தூக்கி அவர்கள் தலையிலேயே போட்டுவிட்டார்கள். இந்த விஷயம் யார் மூலம் வெளியே போயிருக்கும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அதன்பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். "பாத்துப் பேசுங்கடி, கண்ணாடி அண்ணன் வீட்ல எழுதறவங்க இருக்காங்க" என்று ஒரு பெண் சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனேன்.

அந்த வாரத்திலேயே பெரியக்கா தீப்பிடித்தால் இறங்குவதற்கான படிக்கட்டில் உட்கார்ந்து கண் அயர்ந்துவிட்டார். அவரை அப்படியே படம் எடுத்து சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எங்களை வேலைக்கு வைத்திருக்கும் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்த அளவு, பூட்டிலிருந்து படிக்கட்டு வரை.  மறுநாள் தன் முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் கோபப்படவில்லையாம். "நீ எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா? இல்லையே. பாத்துச் சொல்றதோட நம்ம வேலை முடிஞ்சது. அதை வச்சு அவங்க என்ன செய்யறாங்கங்கறது அவங்க இஷ்டம்" என்றாராம். அடுத்து ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஆயாக்களோடு இருந்து பார்க்க வேண்டும், உனக்குச் சம்பளம் ஏற்றியிருக்கிறேன் என்றும் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள் மகள். என் மனைவிக்குப் பயம். "போயி இன்னான்னு சொல்லுவ? என்னாலதான் வேலை போச்சுன்னு நீயே போய் சொல்லுவியா?" என்றாள். மகள், "ஆமா" என்றாள். அவளைத் தனியே அனுப்ப மனசு இல்லாமல் நானும் போனேன். மெட்ரோவில் ஏறிக் கே.ஆர்.புரத்தில் இறங்கினோம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன அறை. பெரியக்கா மடித்த கம்பளியின் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டார். இருந்த ஒரே நாற்காலியை மகளுக்குத் தள்ளினார். அவள் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பூட்டினார்கள் என்பதையும்.

 பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"ஃபேன் வோணும்னு எழுதினியா கண்ணு?"

"எழுதினேன்க்கா. நாற்காலி, தண்ணி, ரூம், எல்லாம் எழுதினேன்."

"அப்ப அத மட்டும் ஏன் செய்யல?"

 மகளின் அத்தனை வருடப் படிப்பில் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. பெரியக்கா டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு மாசம் எவ்ளோ கண்ணு குடுத்தாங்க?"

குழாயடியில் நான் பெருமையாகச் சொன்ன அதே தொகையை மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மாசத்துக்கா?"

"ஆமாக்கா."

"நாங்க படுத்துகினு இருந்தத பாத்து எழுதறதுக்கா?"

மகள் தலையாட்டினாள்.

"படுத்தா எனக்குச் சம்பளத்துல வெட்டுவாங்க. பாத்தவங்களுக்கு அவ்ளோ குடுப்பாங்களா?"

அவர் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். கண்ணை அகல விரித்து, உலகத்தில் இப்படியும் உண்டா என்பதுபோலக் கேட்டார். மகள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெரியக்கா அவளைத் தொடவும் இல்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "நல்ல படிப்புதாண்ணா. நல்லாத்தான் படிக்க வெச்சிருக்க" என்றார். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

மகள் அந்த வேலையை விட்டுவிட்டாள். விடு என்றும் நான் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். மனைவி சில நாட்கள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்த வீதி வழியாகப் போக நேர்ந்தால் மட்டும் நடை கொஞ்சம் தயங்கும். மகள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்கு எந்த டாக்டர் எந்த அறை என்று வழி சொல்லும் மேஜையில் இருக்கிறாள். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அங்கே கவனிக்கிறாள், எழுதுவதில்லை. பெரியக்கா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் நின்றுகொண்டேதான் வேலை. இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்தார், நல்லா இருக்கேன் என்றார். 

குழாயடி அம்மா இப்போதும் சில நேரம் கேட்பார், "அந்தப் படிப்புக்கு மாசம் எவ்ளோண்ணா வரும்?" என்று. முன்பு பதில் தெரியாமல் நின்றேன். இப்போது அதற்கு எவ்வளவு தருவார்கள், அவள் எழுதியதில் எந்தப் பகுதிக்குத் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நான் இன்னும் அதே கட்டடத்தில்தான் வேலை செய்கிறேன். மஞ்சள் பலகை இருக்கும் இடத்தில் இப்போது தரை உண்மையிலேயே ஈரமாக இருக்கிறது, பின்னால் யாரும் படுத்திருக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மகள் வாங்கிக் கொடுத்த அந்த ஷூவோடு அதைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல என் கால்கள் தாமாகவே மெதுவாக நடக்கின்றன.